சாஃப்டாகுலஸா, கையாலா? வேர்ட்பிரஸ் நிறுவுவது பற்றிக் கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இது. வாசகர் வட்டம் ஒன்றுக்குத் தளம் தொடங்க ஒருவர் ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் ஓர் இடம்) வாங்கியிருக்கிறார். அதை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்துக்குள் சாஃப்டாகுலஸ் என்ற தானியங்கி நிறுவி இருக்கிறது. அழுத்தினால் இரண்டு நிமிடத்தில், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் வந்துவிடும். ஆனால் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர், "அதெல்லாம் வேண்டாம், கையால் நிறுவினால்தான் பாதுகாப்பு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

உங்கள் நிலைமைக்கு சாஃப்டாகுலஸே போதும். ஆனால் அதை அழுத்துவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உங்கள் சொந்தக் கணினியில் ஒருமுறை கையால் நிறுவிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் தளம் வரும். ஆனால் அது நின்றுபோகும் நாளில் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "விசார்டு" என்று இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். ஒன்று, மென்பொருளே தன்னோடு கொண்டுவரும் திரை. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளியானது. அதன் "5 நிமிட நிறுவல்" அப்போதே பேசப்பட்ட விஷயம். கோப்புகளை சர்வரில் ஏற்றிவிட்டு பிரவுசரில் தளத்தைத் திறந்தால், தளத்தின் பெயர், நிர்வாகியின் பெயர், பாஸ்வேர்டு, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கேட்கும் அந்தப் பக்கம். இன்னொன்று, ஹோஸ்டிங் பேனலில் இருக்கும் நிறுவி: சாஃப்டாகுலஸ், இன்ஸ்டலட்ரான் போன்றவை. உங்கள் நண்பர் சொல்லும் "கையால் நிறுவுதல்" கூட முதல் வகை விசார்டில்தான் போய் முடியும். பேனல் நிறுவி அதற்கு முந்தைய வேலைகளையும் சேர்த்துச் செய்துவிடுகிறது, அவ்வளவுதான்: ஜிப்பை இறக்கி விரிப்பது, கட்டுரைகளைச் சேமிக்க டேட்டாபேஸ் ஒன்றும் அதற்கு ஒரு யூசரும் உருவாக்கி அனுமதி கொடுப்பது, டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் அந்த டேட்டாபேஸின் நான்கு விவரங்களை எழுதுவது. கடைசியில் சர்வரில் வந்து உட்காருவது இரண்டு வழியிலும் அதே வேர்ட்பிரஸ்தான்.

உண்மையிலேயே எல்லாவற்றையும் கையால் செய்த காலம் ஒன்று இருந்தது. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருளான டிரூபலின் 5-ஆம் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தபோதுதான் அதற்கு ஒரு நிறுவல் திரையே கிடைத்தது. அதற்கு முன்பு டேட்டாபேஸ் அட்டவணைகளுக்கான எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) கோப்பை நாமே இறக்குமதி செய்து, செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து டேட்டாபேஸின் முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். கையால் செய்வதே முறை என்று அடித்துச் சொல்லும் பலருக்கு அந்தக் காலத்துப் பழக்கம் மிச்சமிருக்கிறது. எனக்கும்தான்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். நண்பரின் வாதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: நிறுவி எல்லாத் தளங்களையும் ஒரே அச்சில் வார்க்கிறது, அதனால் உடைப்பதும் எளிது. ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. வேர்ட்பிரஸ் 3.0 வரும் வரை, அதாவது 2010 வரை, முதல் யூசரின் பெயர் எல்லாத் தளங்களிலும் "அட்மின்"தான். அது கையால் நிறுவினாலும் அப்படித்தான். 2013 ஏப்ரலில் ஒரு பெரிய பாட்நெட் (கைப்பற்றப்பட்ட கணினிகளின் கூட்டம்) அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றி அடித்தது. இன்றும் பேனல் நிறுவியின் படிவத்தில் "அட்மின்" என்று முன்கூட்டியே நிரப்பியிருந்தால் அழித்துவிட்டு வேறு பெயர் வையுங்கள். டேட்டாபேஸ் அட்டவணைகளின் பெயர்களுக்கு முன்னால் வரும் முன்னொட்டை நிறுவி தற்செயலான எழுத்துகளாக வைக்கும். கையால் நிறுவுகிறவர் பெரும்பாலும் இருப்பதை அப்படியே விடுவார். இதைப் பெரிய அரண் என்று சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எஸ்க்யூஎல் ஓட்டை வழியாக உள்ளே வருகிறவன் அட்டவணைகளின் பெயர்ப் பட்டியலையே டேட்டாபேஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும்.

நண்பரின் வாதம் தலைகீழாகிற இடம் ஒன்று உண்டு. கையால் நிறுவும்போது, கோப்புகளை ஏற்றி முடித்த நேரத்துக்கும் அந்தக் கடைசித் திரையை நிரப்பும் நேரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி வருகிறது. சிலருக்கு ஐந்து நிமிடம். சிலர் ஏற்றிவிட்டு "மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் தளத்தைத் திறக்கும் யாருக்கும் அதே நிறுவல் திரைதான் வரும். டபிள்யூபி-கான்ஃபிக் இன்னும் எழுதப்படவில்லை என்றால் உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கூட அவர்களுக்குத் தேவையில்லை. தங்கள் சொந்த டேட்டாபேஸ் சர்வரின் முகவரியைக் கொடுத்து, தங்களையே நிர்வாகியாக்கிக்கொண்டு, ஒரு ப்ளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஏற்றி, அதன் வழியாக உங்கள் கணக்கில் விரும்பிய நிரலை ஓட்டலாம். அதன்பிறகு தடயத்தை அழித்து, திரையைப் பழையபடி வைத்துவிட்டுப் போனால், காலையில் நீங்கள் வந்து எதுவுமே நடக்காதது போல் நிறுவி முடிப்பீர்கள்.

புதிதாக ஒரு தளம் வந்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சான்றிதழ் வழியாக. தளத்தோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உதவும், லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் வழங்கும் ஒவ்வொரு எஸ்எஸ்எல் சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் ஏறுகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், புது டொமைன் பெயர் தோன்றியதும் போய்க் கதவைத் தட்டலாம். ஹான்னோ பெக் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 2017-ல் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்துகாட்டினார். இன்றைய ஹோஸ்டிங்குகளில் டொமைனை இணைத்ததுமே சான்றிதழ் தானாக வந்துவிடுவதால், நீங்கள் கோப்புகளை ஏற்றத் தொடங்கும் முன்பே உங்கள் முகவரி அந்தப் பதிவேட்டில் இருக்க வாய்ப்புண்டு.

பேனல் நிறுவியில் இந்த இடைவெளி இல்லை. கோப்பு, டேட்டாபேஸ், நிர்வாகி எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆக, கையால் நிறுவியே ஆக வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் டேட்டாபேஸையும் யூசரையும் உருவாக்கி, டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பை உங்கள் கணினியிலேயே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேனலில் அந்த ஃபோல்டருக்கே ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டு ஏற்றுங்கள். உள்ளிருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை எஃப்டிபி வழியாக ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்காமல், ஜிப்பாகவே ஏற்றி ஃபைல் மேனேஜரில் விரித்தால் நேரம் மிச்சம். பாதியில் அறுந்துபோன கோப்பு என்ற தொல்லையும் இல்லை. நிறுவி முடித்து உள்நுழைந்த பிறகு ஃபோல்டர் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் நிறுவியில் குறையே இல்லையா? இருக்கிறது. அது உங்களுக்காகச் சில முடிவுகளை எடுக்கும், எடுத்ததைச் சொல்லாது. என் சொந்த அனுபவம் ஒன்று. நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறுபத்திரிகைக்குத் தளம் அமைத்தோம். நிறுவியின் படிவத்தில் "எந்த டைரக்டரியில்" என்ற பெட்டியில் "டபிள்யூபி" என்று முன்பே எழுதியிருந்தது. அதை அழித்துவிட்டு வெறுமையாக விட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தளம் டொமைனுக்குக் கீழே ஒரு துணை ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. டொமைனை மட்டும் தட்டச்சு செய்தால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் "விரைவில் வருகிறது" பக்கம்தான் வரும். எட்டு மாதம் அப்படியே ஓட்டினோம். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அந்த நீளமான முகவரியோடு வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒருநாள் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். டேட்டாபேஸை எஸ்க்யூஎல் கோப்பாக எடுத்து, நோட்பேடில் பழைய முகவரி வந்த இடத்திலெல்லாம் புதியதைப் போட்டு, திரும்ப ஏற்றினேன். கட்டுரைகள் வந்துவிட்டன. ஆனால் பக்கப்பட்டையில் இருந்த விட்ஜெட்டுகள், தீமின் அமைப்புகள், ஒரு ப்ளகினின் மொத்தத் தேர்வுகள் எல்லாம் காணாமல் போயின. காரணம் பிறகுதான் புரிந்தது. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை, தான் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி-யின் ஒரு தொகுப்பு வடிவத்தில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். முகவரியைச் சுருக்கிவிட்டேன், எண்ணை மாற்றவில்லை. எண்ணும் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் பிஎச்பி அந்தத் தொகுப்பு முழுவதையும் படிக்க மறுத்துவிடும். இதற்கென்றே டபிள்யூபி-சிஎல்ஐ என்ற, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவியில் ஒரு தேடி-மாற்றும் கட்டளை இருக்கிறது; அது எண்களையும் சேர்த்துத் திருத்தும். அன்று எனக்கு அது தெரியாது.

கடைசியில் பேக்கப்பிலிருந்து மீட்டு, சரியான வழியில் செய்தபோது வேலை பத்து நிமிடம்கூட இல்லை. கோப்புகளை நகர்த்தவே வேண்டாம். துணை ஃபோல்டரில் இருக்கும் இன்டெக்ஸ் கோப்பைப் பிரதியெடுத்து வெளியே டொமைனின் மூல ஃபோல்டரில் வைத்து, அதில் உள்ள ஒரே ஒரு பாதையைத் திருத்தி, அமைப்புகள் பக்கத்தில் "தள முகவரி"யை மட்டும் மாற்றினால் போதும். பழைய இணைப்புகளுக்குத் திருப்பிவிடும் வரி ஒன்றைச் சேர்த்தோம். அந்த இன்டெக்ஸ் கோப்பை நான் முன்பே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். குறிப்புகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதற்குள் இருப்பது மொத்தமே இரண்டு வரிதான். ஒருமுறை கையால் நிறுவச் சொல்வது இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக இரண்டு விஷயம். இவற்றை எந்த நிறுவியும் உங்களிடம் கேட்காது, கையால் நிறுவினாலும் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

ஒன்று, எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்-இன் 8.0 பதிப்பு வரும் வரை அதன் இயல்பான குறியாக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1; வரிசைமுறையோ ஸ்வீடிஷ். (அதை உருவாக்கியது ஸ்வீடன் நிறுவனம். அங்கே உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு நம்முடைய ழகரம் நினைவுக்கு வந்திருக்க நியாயமில்லை.) இன்றைய வேர்ட்பிரஸ் தன் அட்டவணைகளை எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்8-எம்பி4 என்று சரியாகவே உருவாக்கிக்கொள்கிறது. 2015-ல் வந்த 4.2 முதல் அப்படித்தான். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் மைஎஸ்க்யூஎல்-இன் பழைய 3 பைட் யூடிஎஃப்8-லேயே அடங்கிவிடும். 4 பைட் கேட்பது இமோஜிகள். சிக்கல் வருவது பழைய தளத்தை இடம் மாற்றும்போது. எடுக்கும்போது ஒரு குறியாக்கம், ஏற்றும்போது இன்னொன்று என்றானால் கட்டுரை முழுக்கத் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவோ வெறும் கேள்விக்குறிகளாகவோ மாறி நிற்கும். முதல் வகையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அந்த எழுத்து போனது போனதுதான்.

இரண்டு, நிரந்தர இணைப்பு, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்குமான முகவரி. தலைப்பை அப்படியே முகவரியாக்கும்போது வேர்ட்பிரஸ் அதை 200 குறிகளுக்குள் வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் முகவரியில் 9 குறிகளாக விரிகிறது. ஆக மொத்தம் 22 குறியீடுகள்தான் இடம் கொள்ளும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும். "தமிழ்நாட்டு" என்ற ஒரே சொல்லே 11. மூன்றாவது சொல்லுக்கு வரும்போது முகவரி பாதியில் முறிந்து, சிலசமயம் புள்ளியை இழந்த மெய்யெழுத்தோடு நிற்கும். தளம் தொடங்கும் அன்றே நிரந்தர இணைப்பை எண் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், அல்லது ஒவ்வொரு பதிவுக்கும் சுருக்கமான பெயர் கையால் கொடுங்கள். நூறு கட்டுரைக்குப் பிறகு மாற்றப் போனால் நாங்கள் பட்ட பாடுதான்.

அப்டேட் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2014 அக்டோபர் 15 அன்று டிரூபல் 7-இல் ஒரு பெரிய எஸ்க்யூஎல் ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் எல்லாம் உடைக்கப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று டிரூபலின் பாதுகாப்புக் குழுவே பிறகு சொன்னது. ஏழு மணி நேரம் என்பது நம்மூரில் ஒரு ராத்திரித் தூக்கம். பேனல் நிறுவியை நடத்துகிறவர்கள் புதிய பதிப்பைத் தங்கள் பட்டியலில் சேர்த்து, அது ஹோஸ்டிங் சர்வருக்கு வந்து, பிறகு உங்கள் தளத்துக்கு வரும் வரை காத்திருப்பது இப்படிப்பட்ட நாளில் ஆபத்து. வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வந்த 3.7 முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது. அதனால் அந்த வேலையை வேர்ட்பிரஸிடமே விட்டுவிட்டு, நிறுவியின் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். ஒரே தளத்துக்கு இரண்டு ஓட்டுநர் தேவையில்லை.

நிறுவியின் பேக்கப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் சாஃப்டாகுலஸ் அதை இயல்பாக உங்கள் கணக்குக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில்தான் வைக்கும். கணக்கு முடங்கினாலோ சர்வரின் வட்டு போனாலோ தளமும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். மாதம் ஒருமுறையாவது உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு வேர்ட்பிரஸ் தளம் என்ற கணக்கில் சொன்னது. வேறு நிலைமை என்றால் பதில் மாறும். சொந்தமாக விபிஎஸ் (முழுதும் உங்கள் பொறுப்பில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து அங்கே மென்பொருளெல்லாம் முன்பே நிறுவிய "ஒரே க்ளிக்" படிமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், க்ளிக்கோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடும். லினக்ஸையும் பிஎச்பி-யையும் டேட்டாபேஸையும் இனிமேல் பார்த்துக்கொள்வது நீங்கள். அதற்குத் தயாராக இல்லை என்றால் விபிஎஸ் பக்கமே போகாதீர்கள். இன்றைய டிரூபலை கம்போசர் (பிஎச்பி நிரல் தொகுப்புகளை இறக்கித் தரும் கருவி) வழியாக நிறுவுவதே நல்லது, ஏனென்றால் பல மாடியூல்கள் (டிரூபலின் ப்ளகின்கள்) வேறு நிரல் தொகுப்புகளைச் சார்ந்திருக்கின்றன. பேனல் நிறுவி வைத்துவிட்டுப் போன தளத்தில் பிறகு அதைப் புகுத்துவது தலைவலி. ஐந்தாறு வேர்ட்பிரஸ் தளங்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் டபிள்யூபி-சிஎல்ஐ கற்றுக்கொள்ளுங்கள்: இறக்க ஒரு கட்டளை, கான்ஃபிக் எழுத ஒன்று, நிறுவ ஒன்று. பார்க்கக் கையால் செய்வது போல் இருக்கும், வேகமோ நிறுவியின் வேகம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு விக்கித் தளங்களுக்கான மென்பொருளான மீடியாவிக்கியினுடையது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. அதன் விசார்டு கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அமைப்புகள் எழுதிய கோப்பை உங்கள் கையில் இறக்கிக் கொடுத்து, நீங்களே கொண்டுபோய் வைக்கச் சொல்லும். வைக்கப் போகும் வழியில் திறந்து பார்க்காமல் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பு போதும். அப்பாச்சி சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றும் சேர்ந்தே வரும். டேட்டாபேஸை உருவாக்கி, அதற்கென்று ஒரு தனி யூசர் வைத்து (ரூட் யூசரைப் பயன்படுத்தாதீர்கள், எக்ஸாம்பில் அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது), மாதிரி கான்ஃபிக் கோப்பைப் பிரதியெடுத்துப் பெயர், யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் நான்கையும் நிரப்புங்கள். தளம் வந்ததும் இரண்டு கட்டுரை போடுங்கள். அப்புறம் வேண்டுமென்றே உடையுங்கள். கான்ஃபிக்கில் பாஸ்வேர்டின் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, டேட்டாபேஸோடு தொடர்பு கிடைக்கவில்லை என்ற அந்தப் புகழ்பெற்ற வெள்ளைப் பக்கம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். திருத்துங்கள். ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றி, எல்லா ப்ளகின்களும் ஒரேயடியாக அணைவதைப் பாருங்கள்; நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாத நாளில் இதுதான் கைகொடுக்கும். முடிந்தால் மொத்தத் தளத்தையும் வேறு ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள்.

மறுநாள் சாஃப்டாகுலஸை அழுத்தும்போது டைரக்டரி பெட்டியை வெறுமையாக விடுங்கள், யூசர்நேமை மாற்றுங்கள், முடிந்ததும் ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கான்ஃபிக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். முந்தைய நாள் நீங்கள் நிரப்பிய அதே நான்கு வரிகள் அங்கே இருக்கும். அந்த நண்பரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்களேன். உடைக்கும் கட்டத்தில் அவருக்கும் பொழுது நன்றாகப் போகும்.